மடையில் கரைத்த மருந்து

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் என் நண்பர் ஒருவர் வந்திருந்தார். ஓய்வு பெற்ற சர்க்கார் உத்தியோகஸ்தர்; எதையும் தீர விசாரித்தாலன்றி ஒப்புக்கொள்ளாதவர். அவருடைய மைத்துனருக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று இரண்டு மாதங்களுக்கு முன் தெரிய வந்தது. ரண சிகிச்சை செய்து அகற்றிவிடலாம் என்று வைத்தியர்கள் தைரியம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் பதினைந்து நாளைக்கு ஒரு முறையாக நான்கு தவணை, ரத்தக் குழாயின் வழியே மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். இரண்டு தவணை முடிந்திருக்கிறது. வாந்தியும் அயர்ச்சியும் அந்த மனிதரைப் படுக்கையில் தள்ளிவிட்டன. தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்கிறது.

“நீங்களே சொல்லுங்கள், ஸார்!” என்று நண்பர் ஆரம்பித்தார். “வியாதி இருப்பது வயிற்றில். இவர்கள் மருந்தைக் கையில் ஏற்றி உச்சி முதல் உள்ளங்கால் வரையில் பரப்புகிறார்கள். கதீட்டர் என்று ஒரு மெல்லிய குழலை இரைப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்க்குள்ளேயே செலுத்தி, அங்கேயே மருந்தை விடும் முறை ஒன்று இருக்கிறதாம். சீன தேசத்திலும் ஜப்பானிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். அதைச் செய்யக்கூடாதா என்று கேட்டால், ‘அது இன்னும் பரீக்ஷையில் இருக்கிறது’ என்கிறார் வைத்தியர். பரீக்ஷை எப்படியென்றால், திருவுளச் சீட்டுப் போட்டுப் பாதிப் பேருக்கு ஒரு சிகிச்சை, மற்றப் பாதிக்கு வேறு சிகிச்சை! மனிதர் உயிரை வைத்துச் சூதாடுவதல்லவா இது?”

அவருடைய கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நம்மவர்களில் அநேகர் மனத்தில் இதே கேள்வி எழக்கூடும். ஆகையால் அவருக்குச் சொன்ன பதிலை நேயர்களுக்கும் சொல்லுகிறேன்.

ஏரிப் பாசனமுள்ள ஊரில் ஒரு வயலில் மட்டும் பயிருக்கு நோய் கண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்தை ஏரித் தண்ணீரில் கரைத்தால் ஊர் வயல்களுக்கெல்லாம் அது போகும். நோய் கண்ட வயலுக்குக் கிடைப்பது சொற்பம். ஏரி முழுவதும் காரம் ஏறும்படி கரைத்தாலோ நல்ல பயிரும் கருகிவிடும். அந்த வயலுக்குத் தண்ணீர் பாயும் மடையிலேயே கரைத்தால் மருந்தும் கொஞ்சம், பலனும் அதிகம் என்று தோன்றுகிறதல்லவா? கதீட்டர் சிகிச்சையின் தத்துவம் இதுவே.

இந்த யோசனை புதியதன்று. 1950-ஆம் வருஷத்திலேயே அமெரிக்காவில் க்ளாப் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் மருந்தைத் தமனியின் வழியே, அதாவது இருதயத்திலிருந்து ரத்தம் கொண்டு செல்லும் குழாயின் வழியே, செலுத்திப் பார்த்துப் பிரசுரம் செய்தார்கள். 1953-இல் ஸ்வீடன் தேசத்து வைத்தியர் ஸெல்டிங்கர் ஓர் எளிய உபாயத்தை வெளியிட்டார். ஊசியால் தமனியைத் துளைத்து, ஊசியின் துவாரத்தில் ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி, ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலாகவே குழலை நுழைத்து, பிறகு கம்பியையும் எடுத்துவிட வேண்டும். அதுமுதல் தமனியை அறுத்துத் திறக்கவேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று. இன்று தொடையின் மூலத்திலோ மணிக்கட்டிலோ நுழைத்த குழலை, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே இரைப்பைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள்.

கல்லீரல் புற்றுநோய் விஷயத்தில் இம்முறை பயனளித்தும் இருக்கிறது. அங்கே மருந்தைக் குழல் வழியே விட்டு, அதோடு அந்த ரத்தக் குழாயையும் அடைத்துவிடுவார்கள். ரண சிகிச்சைக்கு இடமில்லாத நோயாளிகளில் தகுந்தவர்களுக்கு அது ஆயுளை நீட்டித்தது என்று, பார்ஸிலோனாவிலும் ஹாங்காங்கிலும் நடந்த இரண்டு பரீக்ஷைகள் 2002-இல் காட்டின. “பின் இரைப்பைக்கு ஏன் கூடாது?” என்று கேட்டார் நண்பர்.

இங்கேதான் சங்கடம் இருக்கிறது. கல்லீரலிலுள்ள கட்டி பெரும்பாலும் ஒரே தமனியின் ரத்தத்தைக் குடித்து வளருவது. ஈரலின் நல்ல பாகமோ தனக்கு வேண்டிய ரத்தத்தில் முக்கால் பங்கை வேறொரு குழாயிலிருந்து பெறுகிறது. ஆகவே ஒரு மடையில் மருந்தைக் கரைத்தால் களைக்குப் போகும், பயிர் பிழைக்கும். இரைப்பை அப்படிப்பட்ட வயல் அன்று. அதன் மேல் வளைவில் இரண்டு தமனிகள், கீழ் வளைவில் இரண்டு, மண்ணீரலை ஒட்டிச் சில குட்டைக் குழாய்கள் என்று பல மடைகள் பாய்கின்றன. அவை ஒன்றோடொன்று கலந்தும் இருக்கின்றன. எந்த மடையில் விட்டால் கட்டிக்குப் போகும் என்பது ஆளுக்கு ஆள், கட்டி இருக்கும் இடத்துக்கு இடம் வேறுபடும். அன்றியும், இரைப்பையின் உட்சவ்வு மிருதுவானது. ஈரலுக்குக் குழல் வழியே மருந்து விடும்போது அது தப்பி இரைப்பைப் பக்கம் பாய்ந்தால் புண் உண்டாகிறது என்பது அநுபவத்தில் கண்டது; அதற்கு அஞ்சி அந்தக் கிளைகளை அடைத்துவிடுவதும் உண்டு.

இவற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 1881-ஆம் வருஷம் ஜனவரி 29-ந் தேதி வியன்னா நகரில் பில்ராத் என்னும் பேராசிரியர், 43 வயதுள்ள ஒரு மாதின் இரைப்பையில் புற்று வைத்திருந்த பாகத்தை அறுத்தெடுத்து, மீதியைக் குடலோடு இணைத்துத் தைத்தார். அதற்கு முன் இவ்வித சிகிச்சை செய்துகொண்டவர்கள் பிழைக்கவில்லை. அந்த மாது எழுந்து நடமாடினாள். உலகம் அதிசயித்தது. ஆனால் நான்கு மாதத்தில் அவள் இறந்துபோனாள். ரண சிகிச்சையில் பிழை இல்லை. நோய் அதற்கு முன்பே ஈரலுக்குப் போயிருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததைக் கத்தி எடுத்தது. தெரியாதது உயிரை எடுத்தது.

இரைப்பைப் புற்றுநோயின் சுபாவமே இதுதான். கோரையைப்போல அது ஒரு வயலோடு நிற்பதில்லை. நிணநீர்க் கணுக்களுக்கும், வயிற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வுக்கும், ஈரலுக்கும் அதன் விதைகள் போய்விடுகின்றன. ரண சிகிச்சைக்கு முன் மருந்து ஏற்றுவது கட்டியைச் சுருக்குவதற்கு மட்டுமன்று. சிதறிப்போன இந்த விதைகளையும் அழிப்பதற்காகவே. மடையில் கரைத்த மருந்து அடுத்த வயலிலுள்ள விதையைத் தொடுமா? “தொடும். இரைப்பையில் பாய்ந்த ரத்தம் அடுத்தபடி ஈரலுக்குத்தானே போகிறது?” என்பார்கள் ஒரு சாரார். “வயிற்றுச் சவ்வுக்குப் போதிய அளவு போகாதே!” என்பார்கள் மற்றொரு சாரார். இரண்டும் யுக்திதான். யுக்தியைக் கொண்டு வழக்காடலாம். வியாதியஸ்தருக்கு அதைக் கொண்டு வாக்குக் கொடுக்க முடியாது.

“குழல் வழியே மருந்து பெற்றவர்களுக்குக் கட்டி சுருங்கியது என்று எழுதியிருக்கிறார்களே!” என்றார் நண்பர்.

உண்மைதான். ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியாததா? அத்தகைய சிகிச்சைக்கு வைத்தியர்கள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் தேகபலம் உள்ளவர்களையே. அவர்கள் கையில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாலும் நீண்ட நாள் வாழ்ந்திருப்பார்களோ என்னவோ? இதைப் பிரித்து அறிவதற்கு ஒரே வழி, ஒத்த நிலையிலுள்ள நோயாளிகளை வைத்தியருடைய விருப்பு வெறுப்புக்கு இடமின்றி இரண்டு பங்காகப் பிரிப்பதுதான். அதற்காகவே சீட்டு. சிகிச்சை இன்றி யாரையும் விட்டுவிடுவது அதன் நோக்கமன்று. இன்று வழக்கத்திலுள்ள நல்ல சிகிச்சை ஒரு பக்கம், புதியது மறுபக்கம். எது மேல் என்று மெய்யாகவே யாருக்கும் தெரியாதபோதுதான் சீட்டுப் போடுவது தர்மம். தெரிந்த பிறகு போடுவது பாவம்.

யுக்தியை நம்பிக் கெட்ட கதை ஒன்றும் சொன்னேன். மார்புப் புற்றுநோய்க்கு மிகக் கடுமையான அளவில் மருந்து கொடுத்து, அதனால் அழியும் எலும்பு மச்சையை, முன்கூட்டியே எடுத்துவைத்த அவரவருடைய மச்சையைக் கொண்டே மறுபடியும் நிரப்பும் முறை அமெரிக்காவில் சென்ற நூற்றாண்டின் இறுதியில் மும்முரமாகப் பரவியது. அதிக மருந்து, அதிகப் பலன் என்பது யுக்தி. பரீக்ஷை முடியும் வரையில் காத்திருப்பது கொடுமை என்று பலரும் வாதாடினார்கள். ஆயிரக்கணக்கான ஸ்திரீகள் அதற்கு உட்பட்டார்கள். 1999-இல் பரீக்ஷைகளின் முடிவுகள் வெளிவந்தபோது, சாதாரண சிகிச்சையைவிட ஆயுள் நீளவில்லை என்று தெரிந்தது. அவர்கள் பட்ட வேதனை விழலுக்கு இறைத்த நீராயிற்று.

கட்டி சுருங்குவதும் ஆயுள் நீளுவதும் ஒன்றல்ல என்பதற்கு இரைப்பை விஷயத்திலேயே அத்தாட்சி உண்டு. ஐரோப்பாவில் நடந்து 2010-இல் வெளியான ஒரு பரீக்ஷையில், ரண சிகிச்சைக்கு முன் கையில் மருந்து ஏற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு 82 பேருக்கு மிச்சமின்றி நோயை அறுத்தெடுக்க முடிந்தது. ஏற்றிக்கொள்ளாதவர்களில் நூற்றுக்கு 67 பேருக்கே முடிந்தது. ஆயினும், ஆயுள் நீண்டது என்று அப்பரீக்ஷையால் நிரூபிக்க முடியவில்லை. வேண்டிய தொகையில் பாதிகூடச் சேராமல், 144 பேரோடு அது நின்றுவிட்டது. சேர்ந்தவர்கள் சிரமப்பட்டார்கள், கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

நண்பர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்படியானால் என் மைத்துனருக்கு இப்போது ஏற்றுகிறார்களே, அதற்கு மட்டும் என்ன அத்தாட்சி?” என்றார்.

நான் எதிர்பார்த்திருந்த கேள்வி இதுவே. பெரும்பாலும் பிரிட்டனில் நடந்து 2006-இல் வெளியான ஒரு பரீக்ஷையில் 503 பேர் சேர்ந்தார்கள். சீட்டுப் போட்டதில் 250 பேருக்கு ரண சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மருந்து. 253 பேருக்கு ரண சிகிச்சை மட்டும். ஐந்து வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 36; மற்றவர்களில் நூற்றுக்கு 23. அதன் பிறகு ஜெர்மனியில் 716 பேரைக் கொண்டு, அந்த மருந்துக்கும் நான்கு மருந்துகள் சேர்ந்த புதிய கூட்டு ஒன்றுக்கும் போட்டி வைத்தார்கள். 2019-இல் வெளியான அதன் முடிவுப்படி, பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 35 மாதத்திலிருந்து 50 மாதமாக உயர்ந்தது. பதினைந்து நாளைக்கு ஒன்றாக முன்னால் நான்கு தவணை, பின்னால் நான்கு தவணை என்பது அந்தக் கூட்டின் கணக்கு. நண்பரின் மைத்துனருக்குக் கிடைத்துவரும் சிகிச்சை அதுவே.

“அந்த 253 பேரும் சீட்டுப் போடும்போது, தங்களுக்கு விழுந்ததுதான் அதிருஷ்டச் சீட்டோ என்றுகூட நினைத்திருப்பார்கள். வாந்தியில்லை, மயிர் உதிரவில்லை. எது நல்லது என்று அன்று ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் சம்மதித்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது” என்றேன்.

கதீட்டர் முறை நாளைக்குப் பரீக்ஷையில் தேறலாம்; தேறாமலும் போகலாம். யாரேனும் அதைச் செய்துகொள்ளும்படி சொன்னால் நம்மவர்கள் கேட்கவேண்டியவை மூன்று. இது பரீக்ஷையின் பாகமா? ஆமெனில், நம் தேசத்தில் 2007-இல் ஏற்பட்ட பரீக்ஷைப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா? 2009 முதல் இப்பதிவு கட்டாயம். இரண்டாவது, முன்னால் செய்துகொண்டவர்களுக்குக் கட்டி சுருங்கியதா, ஆயுள் நீண்டதா? மூன்றாவது, இதனால் ரண சிகிச்சை தள்ளிப்போகுமா? கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. 1964-இல் ஹெல்ஸிங்கியில் உலக வைத்தியர்கள் வகுத்துக்கொண்ட நெறியின்படி, பரீக்ஷைக்கு உட்பட மறுக்கவும், உட்பட்ட பின் விலகவும் நோயாளிக்குப் பூரண சுதந்திரம் உண்டு.

நண்பர் புறப்படும்போது வாசற்படியில் நின்றார்.

“அவனுக்கு மூன்றாவது தவணை புதன்கிழமை. ‘போதும், இனி வேண்டாம்’ என்று நேற்று ராத்திரி சொல்லிவிட்டான். நானும் சரியென்று சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்தேன்” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“அந்த 253 பேர் கதையை அவனிடம் சொல்லட்டுமா?”

“சொல்லுங்கள். வாந்தி பொறுக்க முடியவில்லை என்பதை வைத்தியரிடமும் சொல்லுங்கள், அதற்கும் மருந்து உண்டு” என்றேன்.