வெளிநாட்டுச் சுற்றுலா: இப்போதா, பிறகா?

2021 நவம்பர் 26ஆம் நாள் இரண்டு அறிவிப்புகள் வெளிவந்தன. இருபது மாதங்களாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்த வழக்கமான சர்வதேச விமானப் போக்குவரத்து டிசம்பர் 15 முதல் மீண்டும் தொடங்கும் என்று இந்திய அரசு தெரிவித்தது. அதே நாளில் உலகச் சுகாதார நிறுவனம், தென்னாப்பிரிக்கா தெரிவித்திருந்த புதிய வகைக் கொரோனா வைரஸுக்கு ஒமைக்ரான் என்று பெயரிட்டு, அதனைக் கவலைக்குரிய உருமாற்றம் என வகைப்படுத்தியது. ஐந்து நாள்கள் கழித்து, டிசம்பர் 1 அன்று, முதல் அறிவிப்பு ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் 2022 ஜனவரி 31 வரை தடை நீட்டிக்கப்பட்டது.

ஆயினும் கதவு முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. சில நாடுகளுடன் செய்துகொள்ளப்பட்ட ‘ஏர் பபிள்’ உடன்பாட்டின்படி விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. துபாய்க்குச் செல்ல முடிந்தது. சிங்கப்பூர், தடுப்பூசி செலுத்திக்கொண்ட பயணிகளுக்காக நவம்பர் 29 முதல் சென்னை, டெல்லி, மும்பை ஆகிய நகரங்களிலிருந்து தனிமைப்படுத்தலற்ற வழியைத் திறந்தது. டிசம்பர் 23 முதல் ஜனவரி 20 வரை அவ்வழிக்கான புதிய பயணச்சீட்டு விற்பனையை நிறுத்தியும் வைத்தது. திறந்த கதவு முழுதாக ஒரு மாதம்கூடத் திறந்திருக்கவில்லை. இந்நிலையில் சேமிப்பும் விருப்பமும் உள்ள குடும்பங்கள் பலவற்றில் ஒரே விவாதம்: போகலாமா, வேண்டாமா? எங்கள் இல்லத்திலும் அவ்விவாதம் நடந்தது. குடும்பம் முழுவதும் சேர்ந்து வெளிநாட்டுக்கு உல்லாசப் பயணம் செல்வதற்கு அது காலமன்று என்பதே நாங்கள் எட்டிய முடிவு. அதற்கான காரணங்களை இங்கே முன்வைக்கிறோம். அவற்றுள் அச்சம் முதன்மையானதன்று.

பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு நாட்டுக்குச் செல்வது எளிது, திரும்புவதே கடினம். இதற்கு நெடுந்தொலைவு சென்று சான்று தேட வேண்டியதில்லை. 2020 மார்ச் 17 அன்று மலேசியா, பிலிப்பைன்ஸ், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வரும் பயணிகளுக்கு இந்தியா உடனடித் தடை விதித்தது. பிலிப்பைன்ஸில் மருத்துவம் பயின்ற மாணவர்கள் பலர், ஆந்திரப் பிள்ளைகள் உட்பட, கோலாலம்பூர் விமான நிலையத்தில் சிக்கிக்கொண்டனர். பிறகு தனி விமானங்களில் விசாகப்பட்டினத்துக்கும் டெல்லிக்கும் அழைத்து வரப்பட்டனர். அவர்கள் நற்பேறு பெற்றவர்கள். அந்த வாரத்துக்குப் பின் சிக்கியவர்கள், மே 7 அன்று ‘வந்தே பாரத்’ விமானங்கள் தொடங்கும் வரை காத்திருக்க நேர்ந்தது. கொழும்பிலும் மாலத்தீவிலும் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் ஜூன் மாதத்தில் கடற்படைக் கப்பலில் தூத்துக்குடி வந்து சேர்ந்தனர். 2021 மே மாதமோ ஆஸ்திரேலியா, இந்தியாவிலிருந்து தாயகம் திரும்பும் தன் சொந்தக் குடிமக்களுக்கே சிறைத் தண்டனை எச்சரிக்கையுடன் தடை விதித்தது. கடவுச்சீட்டு கையில் இருந்தால் வீட்டுக்கு வரலாம் என்ற நம்பிக்கை அன்றோடு ஆட்டம் கண்டது.

நம் முன்னோருக்கு இது புதுமையாகத் தோன்றியிராது. மலேயாவுக்குக் கப்பலேறிய தமிழர்கள் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவிலும், 1874 முதல் தொற்றுத் தடுப்பு நிலையமாக இருந்த சிங்கப்பூரின் செயிண்ட் ஜான்ஸ் தீவிலும் இறக்கி வைக்கப்பட்டனர். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர் மண்டபம் முகாமில் நாள்களைக் கழித்தனர். அக்காத்திருப்பு அவர்களுடைய பயணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அவர்கள் பிழைப்புக்காகச் சென்றவர்கள் என்பதையும் மறக்கலாகாது. சென்றே தீர வேண்டியிருந்தது. திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று திட்டமிட்டு வெள்ளிக்கிழமை இரவு விமானம் ஏறுகிற தலைமுறையாகிய நாமோ காத்திருப்பதற்கு ஒரு நாளைக்கூட ஒதுக்குவதில்லை.

இனி எங்கள் கணக்குக்கு வருவோம். நாங்கள் ஐவர்: கணவன், மனைவி, 13 வயதில் மகள், 9 வயதில் மகன், 74 வயதில் பாட்டி. 2017இல் தொடங்கிய தொடர் வைப்பு 2021 டிசம்பரில் முதிர்ந்தது. சிங்கப்பூருக்கென்றே சேர்த்த பணம் அது. பாட்டியின் இளைய மகன் அங்கே இருக்கிறார். 2020இல் பிறந்த அவருடைய குழந்தையைக் கைப்பேசித் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறோம்.

முதல் தடையே மகளின் வயதுதான். சிங்கப்பூரின் சிறப்பு வழியில், தடுப்பூசி செலுத்திக்கொண்ட பெற்றோருடன் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் தடுப்பூசி இன்றியும் செல்லலாம் என்றிருந்தது. நம் நாட்டிலோ 15 வயது நிறைந்தோருக்குத்தான், அதுவும் 2022 ஜனவரி 3 முதல்தான், அப்போது தடுப்பூசி போடப்பட்டது. இடையில் நின்ற 13 வயதுப் பிள்ளைக்கு அங்கும் வழியிருக்கவில்லை, இங்கும் ஊசியிருக்கவில்லை. சரி, துபாய் என்று வைத்துக்கொண்டாலும் அடுத்த சிக்கல் காத்திருந்தது. புறப்படுவதற்கு முந்தைய ஆறு மணி நேரத்துக்குள் விமான நிலையத்திலேயே விரைவுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. எங்களுக்கு அருகிலுள்ள ரேணிகுண்டாவில் அப்போது வெளிநாட்டு விமானச் சேவை இருக்கவில்லை. ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கடந்து சென்னைக்குத்தான் செல்ல வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலோ 2022 ஜனவரி 6 முதல் இரவு ஊரடங்கும் 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கும் நடைமுறையில் இருந்தன. இத்தனையும் கடந்து மீனம்பாக்கத்தை அடைந்த பின்னர், ஐவரில் ஒருவருக்குத் தொற்று உறுதி என்று முடிவு வந்தால் மற்ற நால்வர் என்ன செய்வது?

இதே நிலை அயல்நாட்டில் நேர்ந்தால் இன்னும் கடிது. இந்தியா திரும்புவதற்கு 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் சான்று அப்போது தேவைப்பட்டது. மகனுக்குத் தொற்று என்றால் தாய் அங்கேயே தங்குவார். தந்தை மகளையும் பாட்டியையும் அழைத்துக்கொண்டு திரும்புவதா, அல்லது எல்லோரும் விடுதியிலேயே தங்கி வாடகை கொடுப்பதா? அறிகுறியே இல்லாமல் பரவக்கூடிய வைரஸ் இது என்பதால் இக்கேள்வியை வெறும் கற்பனை என்று தள்ளிவிட இயலாது. எல்லாம் நலமாக முடிந்து தாயகம் திரும்பினாலும், 2022 ஜனவரி 11 முதல் எல்லாப் பயணிகளும் ஏழு நாள் வீட்டில் தனித்திருக்க வேண்டியிருந்தது. ஐந்து நாள் சுற்றுலாவுக்குப் பன்னிரண்டு நாள் விடுப்பு!

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கியின் இதழில் அதனைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை வாங்கினால், 2020 அக்டோபர் 1 முதல் அக்காலத்தில் 5 விழுக்காடு வரியை ஏற்பாட்டாளர் வசூலித்தார். அது வருமான வரிக் கணக்கில் சரிசெய்யப்படும் என்றாலும், அதுவரை நம் கையில் இல்லாத பணம். 2020ஆம் ஆண்டின் முதல் ஊரடங்கில் ரத்தான பயணச்சீட்டுகளின் பணத்தை மீட்பதற்கு உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பின்படி, நிதி நெருக்கடியில் இருந்த விமான நிறுவனங்கள் பணத்துக்குப் பதிலாக 2021 மார்ச் வரை செல்லத்தக்க கடன் வரவு தர அனுமதிக்கப்பட்டன. வென்றாலும் பணம் உடனே வரவில்லை என்பதே இதன் பொருள். பயணக் காப்பீடு எடுக்கிறவர்கள், மருத்துவமனைச் செலவு மட்டுமன்றி, நோயின்றித் தனிமைப்படுத்தப்பட்டால் ஆகும் விடுதிச் செலவும் அதில் அடங்குகிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். தனிநபர் கடன் பெற்று அக்காலத்தில் சுற்றுலா செல்வதை நாங்கள் அறவே ஏற்கவில்லை. 2020இல் ரிசர்வ் வங்கி ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பு அளித்தபோதும் வட்டி நிற்கவில்லை என்பதை வாசகர்கள் அறிவர்.

எங்கள் முடிவில் பணத்தைவிடவும் கனமாக நின்றது வேறொன்று. சந்திரகிரியில் வாழ்கிற நாங்கள் விருந்தினரை எதிர்கொள்கிற மக்கள். கோட்டையையும் ராஜமகாலையும் காண வருவோர், ஸ்ரீனிவாச மங்காபுரத்தில் வழிபட்டு ஸ்ரீவாரி மெட்டு வழியாகத் திருமலை ஏறுவோர் ஆகியோரால் இப்பகுதியின் கடைகளும் ஆட்டோக்களும் விடுதிகளும் பிழைக்கின்றன. 2020 மார்ச் 20 முதல் திருமலையில் பக்தர்களுக்கு அனுமதி நிறுத்தப்பட்டது; ஜூன் 11 அன்றுதான் வெளியூரார்க்கு மீண்டும் திறக்கப்பட்டது. அந்த எண்பது நாள்களும் இங்கே எத்தனை அடுப்புகள் அணைந்திருந்தன என்பதை நாங்கள் கண்டோம். திறந்த பிறகு, ஜூலையில், அர்ச்சகர்களும் ஊழியர்களும் பலர் தொற்றுக்கு ஆளானதையும் கண்டோம். வருகிறவர் வாழ்வையும் கொண்டு வருகிறார், நோயையும் கொண்டு வரக்கூடும். இரண்டையும் ஏற்பவர் அவ்வூர்க்காரர். 2021 மே 10 அன்று திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில், சென்னைப் பக்கமிருந்து வரவேண்டிய ஆக்ஸிஜன் டேங்கர் தாமதமானதால் 11 நோயாளிகள் உயிரிழந்தனர். படுக்கைக்கும் காற்றுக்கும் ஓர் ஊர் தவித்து நிற்கும்போது, அங்கே கூடுதலாக ஒரு நோயாளி வந்து சேர்வது எத்தகையது என்பதை இவ்வட்டாரத்தாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அயல்நாட்டில் நாம் அந்த ஒரு நோயாளியாக இருக்கலாம். 2021 நவம்பரின் பெருமழையில் ஸ்வர்ணமுகி பெருக்கெடுத்து, ராயலசெருவு உடையுமோ என்று சுற்றுக் கிராமங்கள் அஞ்சிய நாள்களையும் இங்கே நினைத்துப் பார்க்கிறோம். ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகளை அக்கம்பக்கத்தார்தான் பார்த்துக்கொண்டனர்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு மறுப்பு எஞ்சுகிறது. அதனை எழுப்பியவர் பாட்டியே. “அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொல்லிட்டே இருங்க, எனக்கு எத்தனை அடுத்த வருஷம் இருக்குன்னு யார் கணக்குப் பார்த்தது?” என்றார். இதற்கு எங்களிடம் விடையில்லை. காத்திருப்பது எல்லோருக்கும் ஒரே விலை உடையதன்று. ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஈராண்டு ஒன்றுமில்லை; எழுபத்து நான்குக்கு அது பெரும் பங்கு. பார்க்காத பேரக்குழந்தையைப் பார்க்கச் செல்வதையும், கடைத்தெருவையும் விலங்குக் காட்சிச்சாலையையும் சுற்றிப் பார்ப்பதையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமும் அன்று. கொண்டாட்டத்துக்காகச் செல்வோரும் உறவுக்காகச் செல்வோரும் ஒரே வரிசையில் நின்று ஒரே பரிசோதனைக்குப் பணம் கட்டினர் என்பது உண்மை. வீட்டுக்குள் முடிவெடுக்கும்போதாவது இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறோம்.

ஆகவே பயணத்தை இரண்டாகப் பிரித்தோம். பணத்தில் பெரும்பகுதியை ஓராண்டு நிலை வைப்பில் மீண்டும் இட்டாயிற்று. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி வந்து, திரும்பி வரும் விதிகள் ஒரு மாதமாவது மாறாமல் நின்றபின் நால்வரின் பயணத்தைப் பற்றிப் பேசுவோம் என்று முடிவெடுத்தோம். இருவர் சென்று வருவதற்கும், நேர்ந்தால் இரண்டு வாரம் கூடுதலாகத் தங்குவதற்கும் போதுமான தொகையை மட்டும் சேமிப்புக் கணக்கில் தனியே வைத்தோம். சிங்கப்பூர் பயணச்சீட்டு விற்பனையை மீண்டும் தொடங்கி, பாட்டிக்கு முன்னெச்சரிக்கைத் தவணை ஊசியும் போட்டு, மருத்துவரும் ஒப்பினால், முதலில் அவரும் எங்களில் ஒருவரும் செல்வது என்று தீர்மானித்தோம். தங்குவது மகன் வீட்டில் என்பதால் தொற்று நேர்ந்தாலும் தெரியாத விடுதியில் கிடக்க வேண்டிய நிலை இல்லை. மகளுக்கு இந்த ஏற்பாட்டில் சற்று வருத்தந்தான். பாட்டியின் கடவுச்சீட்டு 2022 ஆகஸ்டில் காலாவதியாக இருந்தது; அதைப் புதுப்பிக்கத் திருப்பதி பாஸ்போர்ட் சேவை மையத்தில் நாள் குறித்தோம்.