பிள்ளையின் 23

உலகம் இன்று அறிந்திருக்கும் மிகப் பெரிய பகா எண்ணுக்கு 41,024,320 இலக்கங்கள். பக்கத்துக்கு 5,000 இலக்கம் வீதம் அச்சடித்தாலும் புத்தகம் எட்டாயிரம் பக்கத்தைத் தாண்டிவிடும். ஆனால் அதைச் சொல்ல ஒரு வரி போதும்: 2-ஐ 136,279,841 தடவை எழுதிப் பெருக்கி, வந்ததில் 1-ஐக் கழிக்க வேண்டும். 2024 அக்டோபரில் இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான லூக் டியூரன்ட்.

என்னை வியக்க வைப்பது அதன் நீளம் அல்ல, அது பகா எண்தான் என்று உறுதி செய்த வழி. லூக்காஸ், லெமர் என்ற இரு கணித மேதைகள் தந்த சோதனை அது. 4-இல் தொடங்க வேண்டும். வர்க்கம் எடுத்து 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடி அதையே செய்ய வேண்டும். ஐந்து 2-களின் பெருக்கத்தில் ஒன்றைக் குறைத்தால் 31. அதற்கு மூன்று சுற்று: 14, 8, 0. பூஜ்யம் வந்துவிட்டது, 31 பகா எண். டியூரன்டின் எண்ணுக்கும் இதே கணக்குத்தான். சுற்றுகள் மட்டும் பதிமூன்று கோடிக்கு மேல்.

பதினொரு 2-களைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் 2047 கிடைக்கும். ஒன்பது சுற்றுக்குப் பிறகு 1736 மிஞ்சுகிறது. ஆகவே 2047 பகா எண் இல்லை. எந்த எண்ணால் வகுபடும் என்பதைச் சோதனை சொல்லாது; 23 × 89 என்று நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். எண் பெரிதாகப் பெரிதாக இந்தத் தேடல் மலைக்க வைக்கும் அளவுக்குக் கடினமாகும். இணையத்தில் நம் பணத்தையும் ரகசியத்தையும் காக்கும் ஆர்எஸ்ஏ பூட்டு நிற்பது இந்தக் கடினத்தின் மேல்தான். அதற்குச் சில நூறு இலக்கப் பகா எண்களே போதும். மலாக்காவின் கிளேபாங்கில் தேங்காய் ஷேக் வாங்கக் கைப்பேசியை நீட்டும் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லித் தரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சொல்லித் தரும்போது தமிழ்க் கணித மேதைகளில் ராமானுஜனோடு நிறுத்திவிடக் கூடாது. குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் 1901-இல் பிறந்தவர் எஸ்.எஸ். பிள்ளை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே உலகத் தரமான ஆய்வு செய்தவர். 1950 ஆகஸ்டில் அமெரிக்கா போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் மாண்டார். வயது 49. தமிழர் வீடுகளில் இந்தப் பெயர் ஒலிக்காதது எனக்குத் தீராத மனக்குறை.

23 ஒரு பகா எண் என்பதால், 1 முதல் 22 வரை பெருக்கி 1 கூட்டினால் 23-ஆல் மீதியின்றி வகுபடும். இது பழைய தேற்றம். ஆனால் 14 வரை பெருக்கி நிறுத்தினாலும் வகுபடுகிறது! 23-இல் 1 குறைந்த 22-ஓ 14-இன் மடங்கு இல்லை. இப்படி மடங்காக இல்லாமலும் நடக்குமா என்று பிள்ளை எழுப்பிய கேள்வியால்தான் இத்தகையவற்றுக்குப் 'பிள்ளை பகா எண்கள்' என்று பெயர். அவற்றுள் மிகச் சிறியது 23. அவற்றுக்கு முடிவே இல்லை என்பது பின்னால் நிரூபணமானது.

மலாக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, 14 வரை பெருக்கி 1 கூட்டினால் வரும் 87,178,291,201-ஐ வெண்பலகையில் எழுதி, 23-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். ஆறாம் ஆண்டு மாணவர்களால் முடியும். விடை 3,790,360,487. யார் கேட்ட கேள்வி இது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.