ரப்பர் சப்பாத்து நடந்த தூரம்

சப்பாத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது.

பிரயாணம் என்றதும் நம் பெரியவர்கள் கப்பலைப் பற்றித்தான் பேசுவார்கள். 1926-ல் கட்டிய ‘ராஜூலா’ கப்பல் 1973-ல் ஓய்வு பெறும் வரை நம்மவர்களை ஏற்றி இறக்கியது. நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய கதை, வாந்தியெடுத்த கதை, தகரப்பெட்டிக் கதை எல்லாம் கேட்டிருக்கிறோம். 1968-ல் வேலை பெர்மிட் சட்டம் வந்தபின், பிரஜாவுரிமை இல்லாதவர்கள் அதே கப்பலில் கண்ணீரோடு திரும்பிப் போன கதையும் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பிரயாணத்தையே தோற்கடிக்கும் தூரம் நடந்த ஒரு பொருள் லயத்துப் படிக்கட்டின் கீழே கிடந்தது. அந்த நடையைப் பிரயாணம் என்று யாரும் சொன்னதில்லை. பால் வெட்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்பு ரப்பர் சப்பாத்துதான் அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் பங்கு 500 மரம் என்று வைத்துக்கொள்வோம். மரத்துக்கு மரம் பத்தடி என்றாலும் 5,000 அடி. வெட்டிக்கொண்டு போக ஒரு நடை, மங்கிலிருந்து பாலைச் சேர்க்க இன்னொரு நடை. ஆக 10,000 அடி. சுமார் 3 கிலோமீட்டர். லயத்திலிருந்து பெரட்டுக்கும், பெரட்டிலிருந்து தீம்பாருக்கும், பால் வாளியைச் சுமந்து ஸ்டோருக்கும் நடந்ததை நான் சேர்க்கவே இல்லை. மேடு பள்ளத்தையும் விட்டுவிட்டேன். வருஷத்தில் 250 நாள் வேலை என்றால் 750 கிலோமீட்டர். பாகான் செராயிலிருந்து சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தாலும் இன்னும் மிச்சம் இருக்கும்! இருபது வருஷத்தில் 15,000 கிலோமீட்டர். பினாங்குக்கும் சென்னைக்கும் இடையே கடல்வழி சுமார் 2,400 கிலோமீட்டர்தான். அப்படியானால் தோட்டத்துக் கேட்டைத் தாண்டாத ஒரு தாய், மூன்று தடவை தாய்நாடு போய் வரும் தூரத்தை நடந்தே முடித்திருக்கிறாள்.

என் தாயாரும் அப்படி நடந்தவர்தான். விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முழங்கால் வரை காலுறையை இழுத்துவிட்டு (அட்டைக்கும் கொசுவுக்கும் அதுதான் வேலி), சப்பாத்தை ஒரு தட்டுத் தட்டிப் பூரான் கீரான் இருக்கிறதா என்று பார்த்துத்தான் காலை விடுவார். மத்தியானம் திரும்பும்போது அதன்மேல் பால் சொட்டுச் சொட்டாக உறைந்திருக்கும். அதை உரித்துப் பந்து சுற்றுவது பிள்ளைகள் எங்கள் வேலை. ஓட்டை விழுந்தால் சைக்கிள் டியூப் துண்டு. நாற்றம் தாங்காது என்று அதை வீட்டுக்குள் சேர்ப்பதே இல்லை. சம்பளம் போட்டுப் பாகான் செராய் டவுனுக்குப் போகிற நாளில் காலுக்கு ஜப்பான் சிலிப்பர். ரயிலேறித் தைப்பிங் போனாலும் அதேதான். தைப்பூசத்துக்குப் பினாங்கு போனால் வெறுங்கால். ஊர் பார்த்த கால் வேறு, உழைத்த கால் வேறு என்பதுபோல் இருந்தது அந்தக் காலம்.

சப்பாத்தே இல்லாத காலமும் ஒன்று இருந்ததை மறக்கக்கூடாது. கிரியான் வட்டாரத்தில் முதலில் கரும்புத் தோட்டம், பிறகுதான் ரப்பர். கோல குலா என்ற பெயரே சீனியைச் சொல்கிறது. அன்று வேலை செய்தவர்கள் வெறுங்காலோடு நடந்தார்கள். ஈர மண்ணில் இருக்கும் கொக்கிப்புழு பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும். 1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய டாக்டர்கள் மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் இதை ஆராய்ந்தார்கள். ஒழுங்கான கக்கூஸும் காலுக்கு ஒரு காப்பும் இருந்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடிய நோய்! இரத்தம் செத்து மரத்தடியில் உட்கார்ந்தவன், பார்ப்பவன் கண்ணுக்குச் சோம்பேறியாகத் தெரிந்தான்.

இவ்வளவு அவசியமான சப்பாத்தை வாங்கிக் கொடுத்தது யார்? எங்கள் தோட்டத்தில் அவரவரே. கடையில் கடனுக்கு எடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொடுப்பார்கள். மரத்தில் வெட்டி எடுத்த பாலையே சப்பாத்தாகக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினோம் என்றால் தப்பில்லை.

இன்று அதற்கு மவுசு வந்துவிட்டது. ‘அடிடாஸ் கம்போங்’ என்று பெயர் வைத்துப் பட்டணத்துப் பிள்ளைகள் மலை ஏறுகிறார்கள். சபாவில் கினபாலு மலை வழிகாட்டிகள் காலிலும் அதுதான். வழுக்காது, சீக்கிரம் காயும், விலையும் மலிவு என்று புகழ்கிறார்கள். சந்தோஷம். ஆனால் இதெல்லாம் பால்மரம் வெட்டியவர்கள் எப்போதோ கண்டு சொன்ன சங்கதி அல்லவா? மலை ஏறும் பேரப்பிள்ளை, ஒருநாள் பாட்டியிடம் அந்தச் சப்பாத்தைக் காட்டி, “நீங்க எந்தத் தீம்பார்ல நடந்தீங்க?” என்று கேட்டு எழுதி வைக்கட்டும். கப்பல் கதை பத்துப் பேர் எழுதிவிட்டார்கள். இந்தக் கதையைச் சொல்ல அவர்களை விட்டால் ஆளில்லை.

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தில், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. ரோட்டில் போகிற மரியாதையைக்கூடப் போராடித்தான் கேட்க வேண்டியிருந்தது. சப்பாத்து விஷயம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, சட்டமே இருக்கிறது. தொழிலாளியின் பாதுகாப்புக்காகச் சட்டப்படி செய்ய வேண்டியதற்கு அவரிடமே காசு பிடிக்கக்கூடாது என்று 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 26-ஆம் பிரிவில் சொல்கிறது. இப்போது பெரும்பாலும் செம்பனைதான். முள்ளும் பாம்பும் அங்கே ரப்பர் காட்டைவிடக் குறைவில்லை. பூட்ஸ் இல்லாமல் குலை அறுக்க முடியாது. நம்மோடு வேலை செய்கிற இந்தோனேசியருக்கும் வங்காளதேசத்தாருக்கும் கால் ஒன்றுதான். அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அடுத்த சம்பளச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைக்குமுன் ஒரு தடவை படித்துப் பாருங்கள். பூட்ஸுக்கு என்று ஏதாவது பிடித்திருந்தால் அங்கேயே நின்று, “கிராணி ஐயா, இது எந்தக் கணக்கு?” என்று கேளுங்கள்.