கத்தரிக்காய்க்கு கோட்டு போட்டா குத்தமா?

போன வாரம் ஆபீஸ் வாட்ஸப் குழுவுல ஒரு ஃபார்வர்ட். வெட்டி விக்கற காய்கறி மேல பிளாஸ்டிக் பூசறாங்களாம், கேன்சர் வருமாம், பத்து பேருக்கு அனுப்பணுமாம். அனுப்பினவரும் நம்மள மாதிரி பொட்டி தட்டறவர்தான். எஞ்சினியரிங் வேற படிச்சிருக்கார். அடப் போங்கய்யா!

வாழைக்காயை வெட்டினா ஏன் கறுக்குது? செல்லுக்குள்ள தனித்தனியா இருந்த ஃபீனாலும் பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ்ங்கற நொதியும் கத்தி பட்டதும் கலந்துடுது. கூட காத்துல இருக்கற ஆக்ஸிஜனும் சேர்ந்தா பழுப்புதான். அம்மா வாழைக்காயை தண்ணியில போடறது ஆக்ஸிஜனைக் குறைக்க. வாழைப்பூவை மோர்ல போடறது புளிப்பால நொதியை முடக்க. இதுவும் கெமிஸ்ட்ரிதான் சாமி.

கோட்டிங்கும் அதையேதான் பண்ணுது. ஆல்ஜினேட் கரைசல்ல முக்கி, அப்புறம் கால்சியம் குளோரைடுல முக்கினா காய் மேல மெல்லிசா ஒரு ஜெல் படியும். அதுக்குள்ள வைட்டமின் சி சேர்ப்பாங்க. ஆல்ஜினேட் எடுக்கறது கடற்பாசியில இருந்து. ஜிகர்தண்டாவுல போடற கடல்பாசிக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்குங்களேன். பிளாஸ்டிக் எங்கருந்து வந்துச்சு?

அதுக்காக கம்பெனிக்காரனுக்கு ஜால்ரா போடறேன்னு நினைக்காதீங்க. பயப்பட நிஜமான காரணமும் இருக்கு. முன்னாடி அமெரிக்காவுல சாலட் பழுப்பாகாம இருக்க சல்ஃபைட் போட்டாங்க. அதைச் சாப்பிட்ட ஆஸ்துமாக்காரங்க சில பேர் செத்தே போனாங்க. பச்சையா சாப்பிடற காய், பழத்துல அதைப் போடக்கூடாதுன்னு 1986ல தடை வந்துச்சு. எங்கம்மாவுக்கும் வீசிங் உண்டு. அதோட, கைட்டோசான்னு இன்னொரு கோட்டிங் இருக்கு. அதைப் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டுல இருந்துதான் எடுக்கறாங்க. முட்டை வாசனை வந்தாலே எழுந்து போற மனுஷி எங்கம்மா. அவங்களுக்கு இதைச் சொல்ல வேணாமா?

இன்னொண்ணு. நிறம் மாறலைங்கறதால காய் புதுசுன்னு அர்த்தம் இல்ல. லிஸ்டீரியாங்கற கிருமி ஃப்ரிட்ஜ் குளிர்லயும் வளரும், காயோட நிறத்தை வச்சு அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால நான் காய் வாங்கற கடையில ரெண்டே கேள்விதான் கேட்டேன். மேல என்ன போட்டிருக்கீங்க, என்னிக்கு வெட்டினது? "ஃப்ரெஷ் சார்"னார். திரும்பவும் கேட்டேன். "சார், ஃப்ரெஷ்தான் சார்."

இந்த பதில் எப்படி செல்லுபடி ஆகுதுன்னா, நாம எல்லாம் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்னு கத்திக்கிட்டு இருக்கறதாலதான் மக்களே. அது பொய்னு நிரூபிச்சுட்டா கடைக்காரர் ஜெயிச்சுட்டார். பொட்டலத்துல வெட்டின தேதி எங்கன்னு கேக்க ஆளே இல்ல.

இதையே குழுவுலயும் எழுதினேன். அவர் ஒரு கும்பிடு பொம்மை போட்டார். அதுக்குக் கீழயே அடுத்த ஃபார்வர்ட்: பிளாஸ்டிக் முட்டை.