ஞானஸ்நானப் பதிவேடு சொல்லும் சாட்சி

குடும்ப வரலாறு தேடிப் பங்குக் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டும் தோழர்களே, பெயரோடு நின்றுவிடாதீர்கள். சாமியார்கள் இலத்தீனில் எழுதினார்கள். பதிவேட்டில் பெத்ருஸ் என்றால் ஊருக்கு அவர் இராயப்பன், பவுலுஸ் சின்னப்பன், யோவான்னெஸ் அருளப்பன். ஒரே தெருவில் நான்கு இராயப்பன்கள் இருப்பார்கள். தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களைச் சேர்த்துப் படித்தால்தான் ஆள் பிடிபடும்.

எங்கள் பங்குப் பதிவேட்டில் என் பாட்டனின் பெயரருகே சாதியும் இருக்கிறது. சென்மப்பாவத்தைக் கழுவிய அதே கைதான் சாதியையும் எழுதி வைத்தது. அதை மறைத்துவிட்டுப் பெயரை மட்டும் நகலெடுப்போர் நம்மில் உண்டு. வெட்கப்பட வேண்டியவர்கள் நாமல்ல, எழுதிய திருச்சபை. வடக்கன்குளத்தில் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்து உட்காரவைக்கவே 1872இல் இரட்டைக் கூடமாகக் கோயில் கட்டிய திருச்சபை அது.

மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது அரசின் வாதம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறித்தவரும் தலித் இசுலாமியரும் இன்றும் வெளியே.

போகாத சாதிக்குச் சாட்சி கோயில் அலமாரியிலேயே இருக்கிறது. எழுதியவர்கள் அதைத் திறந்து காட்டட்டும். அரசு 3ஆம் பத்தியை நீக்கட்டும். நாம் அந்தப் பக்கத்தை முழுதாக, சாதியோடு நகலெடுப்போம். அது நமக்கு இழிவல்ல, அவர்கள் மீதான குற்றப்பத்திரிகை.