ஒரே வாசலை நம்பிய ஊர்
வைத்தியம் தேடி வருவோர் கூட்டம் நிலைக்குமா?

வேலூர் காந்தி ரோட்டில் முதல் தடவையாக நடப்பவருக்கு ஒரு சந்தேகம் வரும். இது தமிழ்நாட்டு ஊர்தானா? லாட்ஜ் பலகைகளில் வங்காளி எழுத்து. சாப்பாட்டுக் கடைகளில் வங்காளிப் பக்குவத்தில் மீனும் சோறும். காரணம், பக்கத்தில் உள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிதான். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே கட்டிலுடன் தொடங்கிய வைத்தியசாலை அது. இன்று கல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் நோயாளிகள் அதை நாடி வருகிறார்கள். அவர்களை நம்பி ஒரு கடைத்தெருவே பிழைக்கிறது.

முதல் அடி

2020 மார்ச்சில் கொரோனாவினால் விமானங்கள் நின்றன; ரயில்களும் நின்றன. வைத்தியத்துக்கு வந்தவர்கள் ஊர் திரும்ப வழியின்றி லாட்ஜுகளில் அடைந்து கிடந்தார்கள். மே மாதத்தில் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில்கள் விட்ட பிறகே வடமாநிலத்தவர் பலர் வீடு போய்ச் சேர்ந்தனர்.

2019-ல் சிகிச்சைக்காக இந்தியா வந்த வெளிநாட்டினர் ஏறத்தாழ 7 லட்சம் பேர். 2020-ல் அது 2 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 2022 மார்ச் 27-ல் வழக்கமான சர்வதேச விமானங்கள் மீண்டும் பறந்தன. 2023-ல் எண்ணிக்கை 6 லட்சத்தைத் தாண்டியது. கண்டம் கழிந்தது என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

இரண்டாவது அடி

ஆனால் கழிந்ததா? வந்தவர்களில் பெரும் பகுதியினர் ஒரே நாட்டவர்: வங்காள தேசத்தார். 2024 ஆகஸ்டில் அங்கே ஆட்சி கவிழ்ந்தது. இந்திய விசா வழங்குவது வெகுவாகச் சுருங்கியது. அவசர சிகிச்சைக்கு மட்டும் ஓரளவு கிடைத்தது. கல்கத்தாவின் மார்க்விஸ் தெருவில் ஹோட்டல் அறைகள் காலியாயின. அங்கே நடந்தது, அதே கூட்டத்தை நம்பும் எந்த ஊருக்கும் எச்சரிக்கை. இம்முறை கிருமி எதுவும் வரவில்லை. பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை விழவில்லை, அவ்வளவுதான்!

கூட்டம் திரும்புவது வேறு. தொழில் நிலைபெறுவது வேறு என்பது இதனால் விளங்கும்.

வழி என்ன?

வாசல்கள் பலவாக வேண்டும். மாலத்தீவு, ஓமான், கென்யா முதலிய நாடுகளிலிருந்தும் நோயாளிகள் இந்தியாவை நாடி வருகிறார்கள். அவர்கள் மொழி அறிந்த உதவியாளர்கள் தேவை. செலவு எவ்வளவு என்பதை ஆஸ்பத்திரியே முன்கூட்டி எழுத்தில் சொல்லிவிட்டால், கமிஷன் தரகருக்கு வேலை குறையும். ஊர் திரும்பிய நோயாளியை மறந்துவிடவும் கூடாது. அவருடைய ஊர் டாக்டரோடு தொடர்பு வைத்துக் கொண்டால், சின்னச் சோதனைக்காக அவர் கடல் கடந்து வர வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. அந்நிய நோயாளியின் பணத்தைக் கண்டு, ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வரும் கூலித் தொழிலாளியை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடக் கூடாது. விமானம் நின்றாலும், விசா நின்றாலும், ஆஸ்பத்திரி வாசலுக்கு வரப்போகிறவர் அவர்தானே!