அனுமதிக்காகக் காத்திருக்கும் வாழ்க்கைத்துணைகள்

எச்-1பி வீசாவில் அமெரிக்காவில் பணிபுரிவோரின் வாழ்க்கைத்துணைகள், எச்-4 வீசாவில் அங்கு செல்கின்றனர். அவர்கள் கல்வி கற்கலாம், ஊதியமின்றித் தொண்டாற்றலாம். ஆனால், தொழில் புரிய முடியாது. துணைவரின் நிரந்தர வதிவிடத்துக்காகத் தொழில்தருநர் சமர்ப்பித்த மனு ஏற்கப்பட்ட பின்னரே, 2015ஆம் ஆண்டு விதியின்கீழ் பெரும்பாலும் தொழில் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். 2025 ஒக்டோபர் 30 முதல், புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்கான தன்னியக்க நீடிப்பும் நிறுத்தப்பட்டது. இதனால், தாமதம் ஏற்படின் தொழிலில் இருப்பவரும் வீட்டில் முடங்க நேரிடும்.

மொழி வகுப்பும் நூலகமும் பொழுதை நிரப்பும். பட்டத்தின் பயனை ஈடுசெய்யமாட்டா. நிறுவன இடமாற்றத்தில் செல்வோரின் துணைகளுக்கு 2021 முதல் வீசாவுடனேயே தொழில் உரிமை உண்டு. ஒரு சாராருக்கு இயன்றது மற்றையோருக்கு ஏன் இயலாது?

அங்கு பெண் கொடுக்கும் எமது பெற்றோர், மணமகனின் சம்பளத்துடன் வீசாவின் வகையையும் விசாரித்தறிய வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.